ஐயனார் காட்டுக்காகப் பூ கேட்ட கதை

ஓய்வு பெற்ற வனவரை ஊரில் இரண்டு காரியத்துக்குத்தான் தேடுவார்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தேடுவார்கள். சுற்றுச்சூழல் தினம் வந்தால் தேடுவார்கள். இரண்டுக்கும் மரியாதை ஒன்றுதான். காரியம் முடிந்ததும் ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த முறை செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடம். சிறப்பு விருந்தினர் நான். வகுப்பறைச் சுவர் முழுக்க உலகத்துக் காடுகளை வரைந்திருந்தார்கள். மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், ஊசியிலைக் காடு, பனிப்பிரதேசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் தோளோடு தோள் நின்றன. பூமியின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் சேர்த்துவைத்த பெருமை எங்கள் ஊருக்குத்தான். ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலை, உருண்டைப் பாறை, அதன் இடுக்கெல்லாம் காரை, சூரை, களா என்று முள்புதர். "இதுல நம்ம ஊரு எங்கம்மா இருக்குது?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"நம்ம ஊர்ல இன்னா சார் காடு இருக்குது? வெறும் முள்ளுதான்" என்றார் அவர். பிறகு எல்லாரும் சேர்ந்து அந்த முள்ளைக் கொஞ்சம் வெட்டி இடம் பண்ணி, மரக்கன்று நட்டோம். படம் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது, இப்போது எங்கள் சரகத்தில் வனக்காப்பாளராக இருக்கும் பெண், "சார், அந்த ஐயனார் காட்டுக் கதைய எழுதி வைங்க. ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றாள். இப்போது அவர்கள் கையில் செல்போன் செயலி இருக்கிறது. நடந்த தூரத்தை அதுவே எழுதிக்கொள்கிறது. காட்டுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் இன்னும் ஆள்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஓடினோம், குழி வெட்டினோம், உலகத்துக் காடுகளை மனப்பாடம் செய்தோம். பார்க்கவே முடியாத சைபீரியாவுக்கு ஒரு வாரம் ஆனது. எங்கள் பக்கத்துக் காட்டுக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். மழை குறைவு, வெயில் அதிகம், ஆனாலும் கோடையில் இலை உதிர்க்காது. கிழக்குக் கடற்கரையை ஒட்டியும் கொஞ்சம் உள்ளே தள்ளியும் முன்பு பரந்து கிடந்தது. வயலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் விறகுக்கும் போய், இப்போது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் துண்டு துண்டாக நிற்கிறது. வாத்தியார் அதைப் படித்துவிட்டு, "இது பரீட்சைக்கு வராது" என்று பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில்தான் எனக்கு வேலை போட்டார்கள்.

வேலை என்றால் வீரப்பிரதாபம் ஒன்றும் இல்லை. வருஷத்தில் பாதி நாள், காட்டு எல்லையில் இருக்கிற கற்குவியல்களைத் தேடிப்பிடித்துச் சுண்ணாம்பு அடிப்போம். சென்ற வருஷம் அடித்த கல் இந்த வருஷம் ஒருவர் கேணிமேட்டில் துணி துவைக்கும் கல்லாக இருக்கும். அவரிடம் கெஞ்சி வாங்கி வந்து மறுபடி வைப்போம்.

மாசி பிறந்துவிட்டால் தீ வேலை. தீத்தடுப்புக் கோடு என்பது மலைச்சரிவில் ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குப் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, காற்று எழுவதற்கு முன் காலையிலேயே அதைக் கொளுத்தி அணைத்துவிடுவது. பிறகு தீ வந்தாலும் அந்த வெறுந்தரையில் வந்து பசித்து நிற்கும். தீ அணைக்கும் தழை பச்சையாக இருக்க வேண்டும், இலை நெருங்கியிருக்க வேண்டும், நொச்சி நல்லது. புது ஆள் தழையை ஓங்கி ஓங்கி அடிப்பான். அப்படி அடித்தால் பொறி தெறித்து முதுகுப் பக்கம் விழுந்து, இரண்டு தீ ஆகிவிடும். தழையைத் தீயின் மேல் அமுக்கி, எரிந்து முடிந்த பக்கமாக இழுக்க வேண்டும். கோபத்தைக் காட்டினால் தீ அணையாது.

எங்கள் ரேஞ்சர் கோபமே படாதவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டைக் கடி பட்டு, மழையில் நனைந்து வளர்ந்த அதிகாரி. எந்தத் தெய்வக் குற்றமோ செஞ்சிக்கு வந்து விழுந்தார். ஜீப்பை விட்டு இறங்குவதற்கு முன் தரையைப் பார்ப்பார். நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவிட்டுத்தான் உட்காருவார். எங்கள் முள்காட்டைப் பார்த்து, துக்கம் விசாரிக்கிற குரலில், "இதைத்தான் காடுன்னு சொல்றீங்களா?" என்பார். நல்ல மனுஷன். யாரையும் வையமாட்டார், யாருக்கும் கெடுதல் செய்யமாட்டார். எந்தத் தகவலை எடுத்துப் போனாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "நம்ம லிமிட்டா?"

லிமிட் என்றால் எங்கள் துறையின் எல்லை. மான் அடிபட்டுக் கிடக்கிறது என்றால், "நம்ம லிமிட்டா?" மரம் சாய்ந்துவிட்டது என்றால், "நம்ம லிமிட்டா?" ஒரு பங்குனியில் மலையில் தீப்பிடித்தது. எங்கள் கற்குவியல் வரைக்கும் அணைத்துவிட்டு நின்றோம். அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. "அது ரெவின்யூ லிமிட்டு. அவங்களுக்குத் தகவல் சொல்லிட்டேன்" என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சர்வே எண் தெரியாத தீ பாறையைச் சுற்றிக்கொண்டு, மத்தியானம் பின்பக்கமாக எங்கள் காட்டுக்குள் வந்தது. ரேஞ்சர் பதறவில்லை. "இப்ப நம்ம லிமிட்டு. அடிங்க" என்றார். உள்ளங்கை கொப்பளிக்க அடித்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சலும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

இனி ஐயனார் காடு. செஞ்சியிலிருந்து வல்லத்துக்குப் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம்; அங்கே எனக்கு இன்னும் கல்யாணப் பத்திரிகை வைக்கிற வீடுகள் இருக்கின்றன. மேற்கே ஊர், கிழக்கே காலனி, நடுவில் கோயில் காடு. கட்டடம் கிடையாது. ஒரு மேடையில் ஐயனார் கல்சிலை, பக்கத்தில் மண்குதிரைகள், சுற்றிலும் மரம். காசான், வீரை, உலக்கைப்பாலை என்று பரீட்சைக்கு வராத மரங்கள் எல்லாம் அங்கே இருந்தன. தொடை கனத்துக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக்கிடந்தன. ஒரு சுள்ளியைக் கூட யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் ஐயனார் குதிரை ஏறி வீட்டுக்கே வந்துவிடுவார் என்று பயம். எங்கள் துறையில் அவ்வளவு வேகமான வண்டி கிடையாது.

ஆடி மாதத்தில் ஊர்ச் சனம் மேற்குப் பக்கம் பொங்கல் வைக்கும். காலனிச் சனம் கிழக்குப் பக்கம் பாலை மரத்தடியில் வைக்கும். ஒரே நாள், ஒரே சாமி. பூசாரி ஏழுமலை திருநீற்றுத் தட்டோடு நடுவில் போய்வந்துகொண்டிருப்பார். மரம் அடர்ந்து நின்றதால் இந்தப் பக்கத்தார் முகத்தை அந்தப் பக்கத்தார் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. காடு மண்ணைப் பிடிக்கும், மழையைப் பிடிக்கும் என்றெல்லாம் படித்திருக்கிறேன். இப்படி ஒரு உபயோகத்தை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஊரில் பிறந்து, சென்னையில் கிரானைட் கடை வைத்து, நன்றாக வந்தவர் தனசேகர். சாமிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. சாமி வெட்டவெளியில் நிற்கிறாரே என்று வருத்தப்பட்டார். சாமி வெட்டவெளியில் நிற்கவில்லை, நிழலில் நின்றார். ஆனால் கிரானைட் மண்டபம் கட்ட இடம் வேண்டும். இடத்துக்கு மரத்தை எடுக்க வேண்டும். மரத்தை எடுத்தால் வெயில் வரும். வெயில் வந்தால் மண்டபம் கட்டாயம் வேண்டும். கணக்கு சுத்தமாகப் பொருந்தியது. சுற்றிலும் காம்பவுண்டு, மேற்கே பெரிய கேட்டு, உள்ளே புல்தரை, வாயில் தண்ணீர் கொட்டுகிற சிமெண்டு மான் ஒன்று. படம் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். படத்தின் ஓரத்தில் இயற்கைச் சூழல் என்று எழுதியிருந்தது.

ஐயனார் மரத்தில் கை வைக்க வேண்டும் என்றால் பூ கேட்க வேண்டும். அது அந்த ஊர் முறை. ஈரப் பூவைச் சாமி தலையில் வைத்துக் கேள்வியைச் சொல்வார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. ஊர்த்தலைவர் கேட்டார். பூ இடப்பக்கம் விழுந்தது. செவ்வந்தி கனம் அதிகம், அதுதான் சாய்ந்துவிட்டது என்று தீர்ப்பானது. அடுத்த வெள்ளிக்கிழமை அரளி வைத்தார்கள். அது சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு விழவே இல்லை. சாமி யோசிக்கிறார் என்றார்கள். மூன்றாம் வெள்ளிக்கிழமை சந்தனத்தைத் துடைத்துவிட்டு வைத்தார்கள். பூ வலப்பக்கம் விழுந்தது. கீழ்க்கோர்ட்டில் தோற்று மேல்கோர்ட்டில் ஜெயித்தவர்களைப் போல வெடி போட்டார்கள். இதெல்லாம் பூசாரி ஏழுமலை பிறகு என்னிடம் சொன்னது.

அதற்கு மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் செல்வி, காலனிப் பெண், நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ரேஞ்சர் அறைக்குக் கூட்டிப் போனேன்.

"சார், ஐயனார் காட்டுல மரத்தையெல்லாம் எடுக்கப் போறாங்க. சுத்திலும் செவுரு. மேக்கால மட்டும் கேட்டு. நாங்க கெழக்கால இருந்துதான் கும்புடறோம். எங்க ஜனம் இனிமே எந்தப் பக்கமா போறது?"

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். "நம்ம லிமிட்டா?"

"இல்ல சார், புறம்போக்கு."

"சந்தனம், தேக்கு ஏதாவது?"

"இல்ல சார். காசான், வீரை..."

"அது யாருக்கும் தெரியாத மரம்ங்க" என்றார் வருத்தத்தோடு. அவளிடமும் மரியாதையாகவே பேசினார். "அம்மா, நீங்க தாசில்தாரைப் பாருங்க."

"பாத்துட்டேன் சார். மரம்னா ஃபாரஸ்ட்டுக்குப் போன்னாங்க."

ரேஞ்சர் கைக்குட்டையை மடித்தார், விரித்தார். அவள் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா பாத்ததா இருக்க வேணாம்" என்றார். அவருடைய சர்வீஸில் அதுதான் பெரிய துணிச்சல் என்று நினைக்கிறேன்.

மரம் வெட்டக் குறித்த காலையில், பார்த்ததாக இல்லாமல் பார்ப்பதற்காக, காக்கி போடாமல் சட்டை வேட்டியில் போனேன். எல்லாரும், "வாங்க ஃபாரஸ்ட்டு சார்" என்றார்கள். ஜேசிபிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். தனசேகர் பட்டு வேட்டியில் நின்றார். நான் தலைவர் அருகில் போய், "இந்த மாதிரிக் காடு இப்ப கொஞ்சம்தான் மிச்சம் இருக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். "அதான் சார், புதுசா அசோக மரம் வெக்கிறோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார் அவர்.

அப்போது கிழக்குப் பக்கம் சருகு சத்தம் கேட்டது. கொடிகளை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். பின்னால் காலனி ஆட்கள். அவள் கையில் அரளிப்பூ.

"இன்னாம்மா இந்தப் பக்கம்?" என்றார் தலைவர்.

"பூ கேக்க வந்தோம்."

"அதான் கேட்டாச்சே. சாமி உத்தரவு குடுத்துட்டாரு."

"நீங்க உங்க கேள்வியக் கேட்டீங்க. எங்க கேள்வி வேற" என்றவள், பூசாரியைப் பார்த்தாள்.

ஏழுமலை திருநீற்றுத் தட்டை மேடையில் வைத்தார். பிறகு, "பூவ யாரு எடுத்தாந்தாலும் நான் வெப்பேன். எங்க நைனாவும் அப்படித்தான் வெச்சாரு. கேள்விய சொல்லும்மா" என்று கையை நீட்டினார்.

"செவுரு கட்டிட்டா, அந்தக் கேட்டு வழியா நாங்களும் உள்ள வரலாமா? இதத்தான் சாமி சொல்லணும்."

ஏழுமலை பூவைத் தண்ணீரில் நனைத்தார். சிலையின் தலைக்குக் கொண்டுபோனார். தலைவர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், வெக்காத! இரு, இரு!"

"ஏன் தலைவரே? இடப்பக்கம் விழுந்தா விழட்டும்" என்றார் ஏழுமலை.

"வலப்பக்கம் விழுந்துட்டா?"

அந்த வார்த்தை தலைவர் வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டது. மூன்று வாரம் சாமியை விடாமல் நச்சரித்தவர்கள், ஒரே ஒரு தடவை கேட்கப் பயந்து நின்றார்கள். சாமி சம்மதித்துவிட்டால் அதை மீற முடியாதே.

தனசேகருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. பாவம், வெளியூரில் இருந்து பழகிவிட்டார். "இதுல இன்னா இருக்குது? சாமி எல்லாருக்கும் பொதுதானே. கேட்டு தொறந்துதான் இருக்கும், எல்லாரும் வரட்டும். நான்தானே கட்றேன்?" என்றார் பெரிய மனசோடு.

சில பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, நாளு சரியில்லன்னு இப்பத்தான் ஞாபகம் வருது" என்றார். இன்னொருவருக்கு, ஐயனாருக்குக் கூரை ஆகாது என்று தன் தாத்தா சொன்னது திடீரென்று நினைவு வந்தது. வேறொருவர், இவ்வளவு பழைய மரத்தை வெட்டுவது பாவம் என்று உருகினார். காலையில் ஜேசிபிக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர் அவர்தான். இயற்கையின் மேல் ஒரு ஊரே ஒரே நிமிஷத்தில் இவ்வளவு பாசம் கொண்டதை நான் என் சர்வீஸில் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஜேசிபி மாலையோடு திரும்பிப் போனது. தனசேகர் பிற்பாடு ஊர் நுழைவில் தன் பெயர் போட்டு ஒரு கிரானைட் வளைவு கட்டிக்கொண்டார்.

ஏழுமலை நனைத்த பூவைச் செல்வியிடமே திருப்பிக் கொடுத்தார். அவளிடம் போய், "காடு தப்பிச்சிருச்சும்மா" என்றேன். உண்மையாகவே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்களுக்குத் தப்பிச்சிது சார்" என்றாள். "நான் கேட்டதுக்குப் பதில் வரலியே." பூவைப் பாலை மரத்தடியில் போட்டுவிட்டு, வந்த வழியே மரங்களுக்குள் போய்விட்டாள்.

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். ரேஞ்சர் முகம் மலர்ந்தது. அன்று மாலையே மேலிடத்துக்குத் தகவல் போனது: துறையின் விழிப்புணர்வுப் பணியால் கிராம மக்கள் தாமாகவே முன்வந்து அரிய காட்டைக் காத்தார்கள். "அது நம்ம லிமிட் இல்லையே சார்" என்றேன். "இனிமே நம்ம லிமிட்டுன்னே வெச்சுக்கலாம்" என்றார். மரங்களைக் காப்போம் என்று ஒரு பலகை செய்து வந்தது. அதை ஒரு வீரை மரத்தில் ஆணி அடித்து மாட்டினோம்.

போன வருஷம் காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு குழு வந்தது. வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். மரத்தை எல்லாம் நாடா வைத்து அளந்தார்கள். இப்படிப்பட்ட காடு உலகத்திலேயே அபூர்வம் என்று கண் கலங்கினார்கள். அது நிஜம்தான். எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று ஊரில் கேட்டார்கள். "எங்க ஜனத்துக்கு இயற்கை மேல பக்தி" என்றார் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

செல்வி இப்போது ஸ்டாஃப் நர்ஸ். அன்று லீவில் வந்தவள் காலனி ஆட்களோடு கிழக்குப் பக்கம் நின்றிருந்தாள். நான் அருகில் போனதும், "சார், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு எங்களுக்கும் கேட்டு தொறக்கறேன்னு இவங்க ஒத்துக்கிட்டிருந்தா, இங்க ஒரு மரம் நிக்காது. அப்ப நான் இன்னாத்த வேண்டிக்கறது? மரமா, வாசலா?" என்றாள். காக்கி போட்ட காலமெல்லாம் மரம் என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. அன்று அந்த வாயால், "ஆஸ்பத்திரி வேலை எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

கடைசியில் எல்லாரையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்றார் குழுவோடு வந்த படக்காரர். ஊர் மேற்கே நின்றது, காலனி கிழக்கே நின்றது. "எல்லாரும் கொஞ்சம் நெருங்கி வாங்க" என்று கையைக் காட்டினார். யாரும் நகரவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படியே எடுத்தார்.

அந்தப் படம் அவர்கள் அறிக்கையின் அட்டையில் வந்தது. கீழே, சமூகமே காத்த காடு என்று அச்சடித்திருந்தார்கள். என் செல்போனுக்கு அனுப்பினார்கள். நான் செல்விக்கு அனுப்பினேன். வார்டில் வேலையாக இருந்திருப்பாள், சாயங்காலம்தான் குரல் பதிவில் பதில் வந்தது.

"படம் நல்லா வந்திருக்குது சார். நடுவுல மரம் சூப்பரா விழுந்திருக்குது. நாங்கதான் ஓரத்துல கட் ஆயிட்டோம்."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் தலைவர் முழுசாக இருந்தார். கிழக்கு ஓரத்தில் ஒரு தோளும், வளையல் போட்ட ஒரு கையும் மட்டும் தெரிந்தன.